செங்கோடன் அண்ணன் சைக்கிளுக்கு எவ்வளவு காற்று?

சைக்கிள் கடையில் காசு வாங்காமல் கொடுக்கும் சரக்கு காற்று ஒன்றுதான். வாடிக்கையாளர்கள் மிகுதியாக வாதாடுவதும் அதற்காகத்தான். பதினெட்டு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் நடத்திவிட்டு, நாமக்கல்லில் என் தம்பி வைத்திருக்கும் கடைக்கு வந்து சேர்ந்தவள் நான். மெல்லிய டயர் பூட்டிய, நெடுந்தொலைவு ஓட்டும் சைக்கிள்களை ஆளுக்கேற்ப அமைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. உப்பைக் குறையுங்கள், காப்பியைக் குறையுங்கள் என்று யாரிடமேனும் சொல்லித் தோற்றவர்கள், பின்வருவனவற்றைத் தங்கள் அனுபவமாகவே கொள்ளலாம்.

டயரில் அச்சிட்டிருப்பது

செங்கோடன் அண்ணனுக்கு ஆறு லாரிகள். உடம்பில் சர்க்கரை ஏறியதால் எங்கள் கடையில் சைக்கிள் வாங்கினார். நாள்தோறும் ராசிபுரம் சாலையில் ஓட்டினார். நான்கே மாதத்தில் சர்க்கரை இறங்கியது. ஆனால் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இரண்டு கைகளும் மரத்துப்போகத் தொடங்கின. பிரேக் பிடித்தது விரலுக்கே தெரியவில்லை என்று ஒருநாள் வந்து முறையிட்டார்.

அளந்து பார்த்தேன். இரண்டு சக்கரங்களிலும் காற்றழுத்தம் நூற்றிருபது பவுண்டு இருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அந்த எண், டயர் தாங்கும் மேல் எல்லையே தவிர, வைத்தே ஆகவேண்டிய அளவு அன்று என்றேன். கல்லாக இறுகிய டயர் சாலையின் மேடுபள்ளம் அனைத்தையும் கைக்கு அனுப்பிவிடும். சற்றுத் தளர்ந்த டயர் அவற்றைத் தானே விழுங்கிக்கொள்ளும் என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

“என்ற லாரிக்கும் நூத்தி இருபதுதானுங்க டீச்சர். லாரி என்னைக்காச்சும் கை மரத்துப்போச்சுன்னு சொல்லியிருக்குதுங்களா?”

தீவனத் தராசு

காற்றின் அளவை முடிவுசெய்ய இரண்டு செய்திகள் தேவை: டயரின் அகலம், ஓட்டுபவரின் எடை. அகலம் இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்று டயரே சொல்லிவிட்டது. எடையை மனிதரிடம் கேட்க நேர்ந்தது. “எழுவத்தெட்டுங்க” என்றார். நான் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த கடை கோழித்தீவனக் கடை. அங்கே மூட்டை நிறுக்கும் தராசுக்கு அவரை அழைத்துச் சென்றேன். செருப்பைக் கழற்றினார், சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் என்னிடம் கொடுத்தார், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறி நின்றார். தொண்ணூற்றொன்று. தீவனக் கடைக்காரர் தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏறச் சொன்னார். அதே தொண்ணூற்றொன்று.

உடம்பின் பாரம் பின்சக்கரத்தில் அதிகம் இறங்கும். ஆகவே முன்னே எழுபத்தைந்து, பின்னே எண்பத்தைந்து என்று குறிப்பேட்டில் எழுதினேன். அண்ணன் இன்னும் தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூட்டைன்னாச் சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பீங்க. எனக்கு ஒண்ணுமே கழிக்கமாட்டீங்களா?”

பெருவிரல் சோதனை

புதிய அளவில் காற்று வைத்து முடித்ததும், கூடவே வந்திருந்த தீவனக் கடைக்காரர் தம் பெருவிரலால் டயரை அழுத்தினார். இவ்வூரில் டயரைக் கண்டால் அழுத்தாமல் கடந்துபோகும் ஆண்மகனை நான் இதுவரை பார்த்ததில்லை.

“அமுங்குதுங்களே டீச்சர்! இதுல ஏறி அண்ணன் ராசிபுரம் போறதா, இல்ல ராசிபுரம் கெளம்பி அண்ணனைப் பாக்க வாறதா?”

சரசு அக்கா வந்த காரணம்

பத்து நாள் கழித்து, செங்கோடன் அண்ணனின் மனைவி சரசு அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். கை மரத்துப்போவது நிற்கவில்லையாம். பரமத்தி வேலூரில் இருக்கும் மச்சான் சைக்கிளைக் கேட்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் வரை ஒருமுறை போய்ப் பார்ப்பது, அப்போதும் கை மரத்தால் திங்கட்கிழமை சைக்கிளை வேலூருக்கு ஏற்றிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

குறிப்பேட்டை எடுத்துக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிழை அகப்படவில்லை. பிழை அகப்படாதபோதும் விடை தவறாக வருவதைப் போன்ற வேதனை வேறில்லை. சரசு அக்காவின் கவலை அதனினும் பெரிது.

“இந்த சைக்கிளு ஊட்டை உட்டுப் போச்சுன்னா, அவரு மறுக்கா சோபாவுல போயி உக்காந்துக்குவாருங்க டீச்சர். அப்பறம் சக்கரையைத் தொரத்திக்கிட்டு ஆசுபத்திரிக்கு நாந்தான் ஓடோணும்.”

மாரியப்பனின் இரும்புக் கம்பி

சனிக்கிழமை காலை, அளவுமானியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். இரண்டு சக்கரங்களிலும் நூற்றுப் பதினெட்டு! டயரைத் தொடவே இல்லை என்று அண்ணன் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய மூத்த டிரைவர் மாரியப்பன் இரும்புக் கம்பியுடன் வந்தார். வாசலில் நின்ற லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எழுந்த ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு காரின் டயர்களைத் தட்டினார். அடுத்து, சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளின் அருகில் குனிந்து, அதையும் மெதுவாகத் தட்டினார்.

சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து இது நடந்துவருகிறது. ஓசை மந்தமாக இருந்தால், லாரிகள் நிறுத்தும் ஷெட்டில் உள்ள கம்ப்ரசரில் அவரே காற்று நிரப்பிவிடுவார். கம்ப்ரசர் குழாயைச் சைக்கிளின் மெல்லிய வால்வுக்குப் பொருத்தும் பித்தளை இணைப்பு ஒன்றைச் சேலத்திலிருந்து தேடி வாங்கி, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அவர் கண்ணெதிரே காற்றை எழுபத்தைந்துக்கும் எண்பத்தைந்துக்கும் இறக்கினேன். அந்தச் சீற்றம் ஓயும்வரை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் நிறுத்திக் கதவைப் பூட்டினார்.

“மொதலாளி வண்டி காத்தில்லாம ரோட்டுல போனா, டிரைவர் என்ன செத்தாப் போயிட்டான்னு ஊரு கேக்காதுங்களா டீச்சர்?”

ஞாயிற்றுக்கிழமை

ஐந்தரை மணிக்கு அண்ணன் புறப்பட்டார். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் சரசு அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, எனக்கும் தெரியாத ஒன்றை என்னிடமே கேட்டார். எட்டே முக்காலுக்கு அண்ணன் நேராகக் கடை வாசலில் வந்து இறங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். தலைக்கவசத்தின் வாரை ஒரே இழுப்பில் தாமே அவிழ்த்தார். மச்சானுக்கு ராசிபுரத்திலிருந்தே போன் செய்து, சைக்கிள் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். டயரைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஒரு சொல்லாவது வரும் என்று நான் நின்றிருந்தேன்.

“ஏனுங்க டீச்சர், புதுச்சத்திரம் ரோட்டை எப்பங்க புதுசாப் போட்டாங்க? சும்மா நெய்யாட்டம் இருக்குதுங்க!”

அந்தச் சாலையில் ஓராண்டாக ஒரு கூடை ஜல்லிகூட விழவில்லை என்பதை நன்கு அறிந்தும் நான் மறுத்துப் பேசவில்லை. ஏனெனில் காற்று சரியாக இருந்தால் நற்பெயர் சாலைக்கும், தவறாக இருந்தால் முறையீடு கடைக்கும் வந்து சேருவதே இத்தொழிலில் நிலைத்துவிட்ட நடைமுறை.