ஃபினாயில் ஊறிய வால்வு

1. ஞாயிறு காலை, முட்டுக்காட்டில் நின்ற சொகுசுப் படகின் கழிவறையில், பம்ப் அடித்து வெளியேற்றிய தண்ணீர் மறுபடி கோப்பைக்குள் ஏறியது.
2. சவாரி வந்த விருந்தினர்கள் பாதியில் கரை திரும்பினார்கள்.
3. படகின் உரிமையாளர் எங்கள் மேலாளரிடம் போனில் கத்தினார்.
4. திங்கள் காலை என்னை அனுப்பினார்கள்.

அந்தப் படகைக் கட்டியது தாம்பரத்திலுள்ள எங்கள் சிறிய பட்டறை. அங்கேதான் என் முதல் வேலை. மெக்கானிக்கல் படித்திருந்தேன்.

படகுக் கழிவறை எளிமையானது. கைப்பம்பை அடித்தால் வெளியிலிருந்து தண்ணீர் வரும். கழிவு குழாய் வழியே அடியிலுள்ள தொட்டிக்குப் போகும். போனது திரும்பாதபடி குழாயின் நடுவே ஒரு ரப்பர் வால்வு, மூடிய உதடுகளைப் போல. தொட்டி நிரம்பவில்லை. குழாயில் அடைப்பில்லை. வால்வைக் கழற்றினேன். உதடுகள் உப்பி, மூட முடியாமல் கிடந்தன. ஃபினாயில் வாடை.

படகைக் கழுவித் துடைக்கும் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதுல என்னக்கா ஊத்துவீங்க?"

"ஃபினாயில்தாம்மா. தினம் ரெண்டு மூடி. என் வூட்டுக்குக்கூட நான் இவ்ளோ ஊத்துனதில்ல."

"ஊத்தக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கே."

"அது இங்கிலீஷ்ல கீது. பெரிய மனுசங்க கக்கூசுக்கு எதுனா மந்திரம்னு நெனைச்சேன்."

அந்தத் தாளை எழுதியது நான். பன்னிரண்டு விதிகள். ஒன்பதாவது: ஃபினாயில், ஆசிட் கூடாது. ரப்பரைக் கெடுத்துவிடும்.

புது வால்வைப் பொருத்தினேன். இருபது முறை பம்ப் அடித்தேன். தண்ணீர் திரும்பவில்லை.

"என் வேலைக்கு ஒண்ணும் வராதேம்மா?"

"வராதுக்கா."

அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது, ஒரு வரிக்கு இடம். 'துப்புரவுப் பணியாளர் தடை செய்த திரவத்தைப் பயன்படுத்தினார்' என்று எழுதினேன். அது உண்மை. விதிகளை யார், எந்த மொழியில் எழுதினார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் இருந்தது. எழுதவில்லை. பஸ்ஸில் அஸ்தினாபுரம் திரும்பி, குளித்து, எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மேலாளர் சொன்னார்: "ரிப்போர்ட் நல்லா இருந்துச்சும்மா. அந்தப் பொம்பளைய நிறுத்திட்டாங்களாம்."

"சரி சார்" என்றேன்.

மறுவாரம் விதிகளைத் தமிழில் எழுதி, படம் போட்டுக் கொடுத்தேன். எங்கள் படகுகள் எல்லாவற்றிலும் இப்போது அதுதான் ஒட்டியிருக்கிறது. முட்டுக்காட்டுப் படகின் கழிவறை சரியாக இயங்குகிறது. அந்த அக்கா இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை.