கிள்ளான் வெயிலில் காய்ந்த வற்றல்

“பருவமே இல்லாத ஊருக்குப் போயி என்னத்தட்டி சமைப்ப? அங்க எல்லா நாளும் ஒரே நாளாம்ல.”

விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில், என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செல்வி இப்படிக் கேட்டாள். செல்வி என் கூடப் பிறந்த அக்கா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவள் காட்டு வேலைக்குப் போனதால்தான் நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டம்தான் என்னை மலேசியா வரைக்கும் கொண்டுவந்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் கேட்டதும், பேருந்து வந்துவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்த புதிதில் அவள் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. இங்கே சூரியன்கூட மாதச் சம்பளக்காரன்போல நடந்துகொள்கிறான். தையானாலும் ஆனியானாலும், வேலை முடிந்து, தொழிற்சாலை இருக்கிற மேருவிலிருந்து எங்கள் வேன் கிள்ளானுக்குள் நுழைகிற நேரத்தில்தான் இறங்குகிறான். பகல் நீள்வதும் இல்லை, குறைவதும் இல்லை. பாசார் என்கிற சந்தைக்கு எந்த மாதம் போனாலும் அதே வெண்டைக்காய், அதே பயற்றங்காய், எந்தத் தேசத்திலிருந்தோ வந்து இறங்கிய மாம்பழம். நான் வேலை பார்ப்பதோ மசாலாத் தூள் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில். ஜூலையில் அடைத்த சாம்பார்ப் பொடியும் டிசம்பரில் அடைத்ததும் நாக்குக்கு ஒன்றாகவே தெரிய வேண்டும். அப்படித் தெரியும்படி பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். காலமே இல்லாத ருசியைப் பகலெல்லாம் காவல் காத்துவிட்டு, காலமே இல்லாத ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்து நிற்பேன்.

குடியிருப்பது கிள்ளானில், புஷ்பா அக்கா வீட்டின் பின்னறையில். அவர் பள்ளிக்கூட கேண்டீன் நடத்துகிறார்; பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். நான் குடிவந்த வாரம் பக்கத்து வீட்டாரிடம், “நம்ம ரூமுக்கு ஒரு ஊர்க்காரப் பொண்ணு வந்திருக்கு” என்று அவர் சொன்னது காதில் விழுந்து பூரித்துப்போனேன். எங்கள் பக்கம் ஊர்க்காரி என்றால் நம்மவள். வந்த வாரமே சேர்த்துக்கொண்டார்களே என்று செல்விக்கு உடனே சொல்லிவிட்டேன். இங்கே ‘ஊர்’ என்றால் இந்தியா, ஊர்க்காரி என்றால் அங்கிருந்து வந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. செல்வியிடம் அதைத் திருத்திச் சொல்லவே இல்லை.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சமையலறைக் கதவுக்கும் பின்சாக்கடைக்கும் நடுவே, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குச் சிமெண்ட் போடாத வெறும் மண். எங்கள் காட்டில் கம்பங்கூழ்ப் பானையை இறக்கி வைத்ததும் யாரும் உடனே குடித்துவிட மாட்டார்கள். முதல் கரண்டியைத் தரையில் ஊற்றிவிட்டு, செருப்பில்லாமல், பேசாமல் கொஞ்ச நேரம் நிற்பார்கள். “காட்டுக்கு ஊத்தியாச்சா?” என்று கேட்ட பிறகுதான் வாயில் படும். கல்லூரியில் கண்மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தபோது, இது எங்கள் காட்டில் செய்கிறதுதானே என்றுதான் நினைத்தேன். கிள்ளானில் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். வேன் வருமுன் அந்த மண்ணில் கால் பதித்து உட்காருவேன். சாக்கடைச் சத்தம், கம்பியில் மைனாச் சண்டை, எங்கோ மிளகாய்ச் சம்பல் வதங்கும் நெடி, எல்லாம் வந்து போகும். சமைத்ததில் முதல் கரண்டி மண்ணுக்கு. எனக்கு இதுதான் சாமி.

சாமி சரி, காலத்தைத்தான் பிடிக்கத் தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் கை தானாகப் பரபரத்தது. சித்திரை என்றால் எங்களுக்குக் கூழ்வற்றல் போடுகிற மாதம். அரிசி ஊறவைத்து அரைத்து, கூழ் காய்ச்சி, பழைய வேட்டியை அந்த மண்ணின் மேல் விரித்து வரிசை வரிசையாக ஊற்றினேன். பின்வீட்டு மலாய்ப் பெண் ஈடா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும்.

“ஜெமூர் அப்பா?” என்றாள்.

முன்பின் பழகாதவள் அப்பாவை விசாரிக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய், “அப்பா இந்தியா” என்றேன்.

“ஓ, இந்தியா!” என்று வற்றலைப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் திருப்தி. மலாயில் ‘ஜெமூர்’ என்றால் வெயிலில் காயப்போடுவது, ‘அப்பா’ என்றால் ‘என்ன’ என்று எனக்குத் தெரிய வந்தபோது என் வற்றல் கதை முடிந்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் பிற்பகலானால் வானம் இருண்டு, இடியும் மழையும் கொட்டித் தீர்த்தன. நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் கூழ் மறுபடி கூழாகியிருக்கும். கடைசியில் பச்சைப் பூஞ்சை பூத்து நின்றது. புஷ்பா அக்கா வாசற்படியில் நின்று, பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுகிற இந்த ஊர் வழக்கத்தில் ரசித்தார்.

“பஞ்சாங்கத்தப் பாத்த, வானத்தப் பாக்கல லா!”

ஈடா அப்படிச் சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டி, “செகாராங் மூசிம் ஹூஜான்” என்றாள். இப்போது மழைப் பருவம் என்று அர்த்தம்.

மூசிம்! பருவத்துக்கு இவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பூஞ்சை பிடித்த வேட்டியோடு அப்படியே நின்றேன். பருவமே இல்லாத ஊருக்குப் பருவத்தைக் குறிக்க ஒரு சொல் எதற்கு? அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கு போனாலும் காதில் விழுந்தது. லோரியின் பின்கதவைத் திறந்து பழம் விற்பவர் மூசிம் டுரியான் என்பார். காட்டுத் தீயின் புகைமூட்டம் வந்து தொண்டை கரகரத்தால் அது மூசிம் ஜெரெபு. பங்குனி சித்திரை என்று என் பெயர்களை இந்த ஊர் வானத்தில் ஒட்டப் பார்த்ததுதான் தவறு. வானத்திடமே பெயர் கேட்கத் தொடங்கினேன். பிற்பகல் மழை மாதங்களில் மிளகு ரசமும் கொள்ளுத் துவையலும். புகைமூட்ட நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் தியானம், சுக்குமல்லிக் காப்பி. டுரியான் குவிகிற மாதங்களில் மழை கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்த நாளில் துள்ளிக் குதித்தேன். அது ஆனி மாதம். மறுபடி வேட்டியை விரித்தேன். இந்தத் தடவை வற்றல் கலகலவென்று காய்ந்தது. ஒரு பிடி பொரித்து ஈடாவுக்கு வேலி வழியாகக் கொடுத்து, “ஜெமூர் மூசிம் டுரியான்” என்று என் அரைகுறை மலாயில் பெருமையடித்தேன். இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் அடங்குமுன் புஷ்பா அக்கா ஒரு சேதி சொன்னார்.

“மா, ஆடி முடிஞ்சதும் பின்னாடி சிமெண்ட்டு போட ஆள் வரான். கொசு தாங்கல லா. ஹெல்த்காரன் பாத்தா சம்மன் கொடுத்துருவான்.”

“அப்போ முதல் கரண்டிய எங்கக்கா ஊத்துறது?”

“சிங்க்குல ஊத்து.”

அவருக்கு அது வேடிக்கை. வீடு அவருடையது, கொசுவும் உண்மை. ஆனால் இந்தத் தேசத்தில் என் கால் நேராகத் தொடுகிற மண் அது ஒன்றுதான். தொழிற்சாலையில் டைல்ஸ், வேனில் ரப்பர் விரிப்பு, பாசாரில் தார். அதுவும் போனால் எந்த மூசிம் என்று என் காலுக்கு யார் சொல்வது? பின்வாங்காமல் கேட்டேன்: “ஆடி ஞாயித்துக்கிழம ஒண்ணுல கூழ் காய்ச்சுறேன். நீங்க ஒரு தடவ செருப்பில்லாம நின்னு பாருங்க. அப்புறம் போட்டுக்கோங்க.”

“காலு அழுக்காயிடும் லா” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிள்ளான் கடைத்தெருவில் கம்பும் கேழ்வரகும் வாங்கி அரைத்து, முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டேன். மாங்காயும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள. என் வற்றல் ஒரு குண்டான் நிறைய. தொழிற்சாலைத் தோழிகள் சிலர் வந்தார்கள். ஈடாவும் வந்து, பானையைப் பார்த்து, “புபுர் இந்தியா!” என்றாள். புபுர் என்றால் கஞ்சி. தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் அந்த மண்ணை மேடாக்கிச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். முதல் கரண்டியை ஊற்றினேன். எல்லோரும் வெறுங்காலோடு கண்ணை மூடினோம். கேலி பேச ஒருத்தியும் இல்லை. கூழ் மண்ணில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கிறாற்போல இருந்தது.

“ஐயோ, சில்லுன்னு இருக்கு லா!”

கண்ணைத் திறந்தால், செருப்பைப் படியில் விட்டுவிட்டு எங்களோடு புஷ்பா அக்கா. அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். தியானம் கலைந்தது. அவர் மட்டும் காலை எடுக்கவில்லை. கிண்ணத்தை நீட்டி இரண்டாம் முறை வாங்கிக் குடிக்கும்வரை அதே இடத்தில் நின்றார்.

சிமெண்ட் போட ஆள் வந்தான். புஷ்பா அக்கா குச்சியால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். “வாஷிங் மெஷினுக்குப் பாதி, உன் சாமிக்குப் பாதி. தண்ணி தேங்குச்சு, மீதியும் போயிரும், சொல்லிட்டேன்.”

தோழி ஒருத்தி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு பை வற்றல் கொடுத்தனுப்பினேன். செல்வி பொரித்துத் தின்றுகொண்டே பேசினாள். நொறுங்குகிற சத்தம் போனில் கேட்டது.

“ஏட்டி, இது எந்த மாசத்து வெயிலு? நம்ம சித்திர வெயிலு மாதிரி இல்லையே. ஆனா நல்லாப் பொரியுது.”

“ஆனி வெயில். கிள்ளான் ஆனி.”

“அங்கயும் ஆனி இருக்கா?”

“இருக்குக்கா. வேற மாதிரி இருக்கு.”

“ம்… நீ மலேசியாக்காரி ஆயிட்டட்டி” என்றாள். அதே நேரம் வாசலில் புஷ்பா அக்கா யாரிடமோ, “கூழா? எங்க ஊர்க்காரப் பொண்ணு காய்ச்சுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ‘எங்க’ புதிது.

இப்போது காலையில் உட்காரும்போது என் ஒரு கால் சிமெண்ட்டில் இருக்கிறது, ஒரு கால் மண்ணில். சிமெண்ட் முதல் நாள் வெயிலை இன்னும் வைத்துக்கொண்டிருக்கும். மண்ணோ இரவு பெய்த மழையைச் சொல்லும். போன வாரம் ஈடா வீட்டு மரத்திலிருந்து ஒரு முருங்கைக் கொம்பு வாங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நட்டுவிட்டேன். நேற்று அதில் பச்சையாகத் துளிர் கண்டது. புஷ்பா அக்காவும் பார்த்துவிட்டார்.

“மா, இது வேரு விட்டா சிமெண்ட்ட உடைச்சிரும் லா.”

“தெரியும்க்கா” என்றேன், தண்ணீர் ஊற்றிக்கொண்டே.