கிடா விட்ட ஏப்பம்

நேற்று பேரனுக்கு வயிறு உப்பியதென்று மருமகள் பெருங்காயத்தை உரைத்துத் தொப்புளில் தடவினாள். அந்த வாடை என்னை எங்கள் ஊரான குன்னத்துக்கே கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா பட்டாளத்துக்குப் போயிருந்தார். ஆடு வளர்த்தே அறியாத அம்மா, தீபாவளிச் சந்தையில் விற்பதற்காக ஒரு கிடாவை வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தீபாவளியே அதை நம்பித்தான். சந்தைக்குச் சில நாள் முன்பு, மழையில் நனைந்த கடலைக்கொடியைத் தின்றுவிட்டுக் கிடா வயிறு உப்பி, மூச்சுத் திணறிச் சாய்ந்தது. அம்மா அலறினார்.

பக்கத்து வீட்டு மேரி பெரியம்மா ஓடி வந்தார். ஆட்டு மந்தையோடு வளர்ந்தவர் அவர்.

"அழுவாதடி, தலைய தூக்கிப் புடி" என்று, பெருங்காயம் கரைத்த நல்லெண்ணெயைக் கிடாவுக்கு மெல்லப் புகட்டினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அதன் இடப்பக்க வயிற்றில் வைத்தார். "இங்க அமுக்கித் தேச்சு வுடு. நிறுத்தாத."

அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கிடா நீளமாக ஓர் ஏப்பம் விட்டது, அம்மாவின் முகத்திலேயே.

"பொழச்சிட்டான்டி! இனிமே ஈரம் காயாம மேய வுடாத."

அம்மா சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சந்தையில் கிடா நல்ல விலைக்குப் போனது. மாலையில் அம்மா அந்தப் பணத்தில் வாங்கிய இரண்டு பெட்டை ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தார். "அக்கா, இதுங்களுக்கு என்ன போடணும், சொல்லுங்க!" என்று தெருவிலிருந்தே மேரி பெரியம்மாவைக் கூப்பிட்டார்.