டிட்டோ போட்ட பெட்டி

தண்டையார்பேட்டை மதி ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. வாயைத் திறந்தால் பட்டாசு. அவளுக்குக் கோபம் வந்தால் மேனேஜரே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதினோம். அவள் அண்ணன் பாரிக்கும் அங்கேதான் வேலை. கண்டெய்னரின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்கிறவன்.

யார்டில் கண்டெய்னர் என்று யாரும் சொல்வதில்லை, பெட்டிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் எண், சரக்கு, எடை, எச்சரிக்கை என்று ஏகப்பட்ட விவரம். இத்தனையையும் கோத்து ஒரு பதிவை எப்படி உருவாக்குவது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் வந்த பிறகே பதிவைக் கட்டித்தரும் பில்டர் முறை போதும் என்றேன்.

"பெட்டி வந்துகினே கீது. யார்டு கிளார்க் திலீப்பு இன்னா சொல்றாரு? முந்தின பெட்டிக்கு டிட்டோ போடுன்றாரு. நகல் எடுத்து நம்பர மாத்துனா முடிஞ்சிது," என்றாள் மதி.

விளங்கிவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நகல் முறையில்தான் எழுதினாள்.

ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது திலீப் அவளுக்குப் போன் செய்தார். பூச்சிமருந்துப் புகை அடைத்த பெட்டியைக் காற்றாட விடாமல் திறந்து, பாரி மயங்கி விழுந்துவிட்டானாம். மதி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"புகை பெட்டின்னா ஸ்கிரீன்ல செவப்பா காட்டுமேண்ணா."

"காலைல காட்டுச்சும்மா. அதுக்கு டிட்டோ போட்டு அடுத்த பெட்டிய ஏத்துனேன். அது வெறும் பருப்பு, எச்சரிக்கைய எடுத்துட்டேன். புதுசுல மட்டும்தான் எடுத்தேன், சத்தியமா."

கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. நகலுக்கு எண் மட்டுமே தனி. எச்சரிக்கையைத் தனியாக நகலெடுக்காமல், பழைய பெட்டியுடையதையே இரண்டுக்கும் பொதுவாக்கியிருந்தது மதி எழுதிய புரோகிராம். ஒன்றில் அழித்தால் இரண்டிலும் போய்விடும். அவளுக்கும் அது அந்த நொடியில் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பாரிக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பேசினான்.

"கதவுல மண்டை ஓடு ஸ்டிக்கர் இருந்துச்சு மதி. பழசு போலன்னு நான்தான் கிழிச்சேன். தங்கச்சி எழுதுன ஸ்கிரீன்ல செவப்பு இல்லியே."

மதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கும் அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

இப்போது எச்சரிக்கைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பெட்டியும் பதிவாகாது. திலீப் வாய்தவறி டிட்டோ என்றால், மதி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.