கன்னத்துக்குள் இருந்த சேதி

தோவாளையை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். சட்டையின் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. அதைப் பிய்த்து ஓடையில் எறிந்துவிட்டு நடந்தேன். பூச்சந்தையில் கூடை தூக்கிக்கொண்டிருந்த என்னை, அங்கே ஏலத்தில் விலை கூவுபவரின் அண்ணன் சற்று முன்புதான் தன் வீட்டு முற்றத்தில் வைத்து அறைந்து விரட்டியிருந்தார். அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராக அலைந்தவனுக்கு அடி புதிதல்ல. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரிடம் அவருடைய சொந்த வாயைப் பற்றிய உண்மையைச் சொன்னதற்காக அடி வாங்கியது அன்றுதான்.

விலை கூவுபவரை நான் அண்ணாச்சி என்பேன். பிச்சிப்பூவும் அரளியும் வந்து இறங்கியதும் அவர் குரல் எழும். வெயில் ஏறும்வரை இறங்காது. தொண்டை வறளாமலிருக்க இடது கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கியிருப்பார். விலை ஏறும்போது துப்பத் திரும்பினால், அந்த மூச்சுக்குள் வியாபாரி மனம் மாறிவிடுவான் என்பது கூவுகிறவர்களின் எண்ணம். அதனால் கூவி முடிக்கும்வரை துப்பமாட்டார். சந்தையில் எல்லோரும் அதை ஒரு திறமையாகவே பேசினார்கள். அந்தக் கன்னத்தில்தான் புண் வந்தது.

மேற்கே ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு சதை வெட்டி எடுத்தார். முடிவு கேட்கப் போன அன்று அண்ணாச்சி, அவர் அண்ணன், துணைக்கு நான் என்று மூன்று பேர் போனோம். நோயாளி வெளியே இருக்கட்டும், கூட வந்தவர்கள் வாருங்கள் என்றார்கள். அண்ணாச்சி மரத்தடியில் உட்கார்ந்து யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே போனோம்.

"புற்றுதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா எல்லாப் புற்றும் ஒண்ணில்ல. வந்து பாருங்க."

அண்ணன் அசையவில்லை. நான் குனிந்து மேசைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பின் குழாய்க்குள் பார்த்தேன். இளஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு தேசம். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் அடுக்கடுக்கான உருண்டைகள். தோலாக இருந்த பழக்கத்தை இந்த அணுக்கள் இன்னும் விடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார். ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். கெட்ட அணுக்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்து நின்றன. ஒன்றிரண்டாகப் பிரிந்து தசைக்குள் ஓடவில்லை, நரம்பைச் சுற்றிப் பிடிக்கவில்லை. எதிரே, உடம்பின் காவல் அணுக்கள் நெருக்கமாகத் திரண்டிருந்தன.

"இந்த ஓரம் உடையறதுக்குள்ள வெட்டி எடுத்தா பிழைக்க நல்ல வழி இருக்கு. உடைஞ்சு சிதறிட்டா என் கையில இல்ல."

அண்ணனின் காதில் விழுந்தது முதல் சொல் மட்டுந்தான். "சித்திரையில அவன் மவளுக்குக் கல்யாணம். இது தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக்காரன் மாறிருவான். அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. சித்திர கழியட்டும், பாப்போம்." டாக்டரம்மா வாதாடினார். கடைசியில், வீட்டுப் பெரியவர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும் ஆறவில்லை. கன்னம் ஒருவருடையது. அதன் செய்தியை இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். உடையவர் வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அண்ணன் அண்ணாச்சியிடம் சொன்னார்: "பல்லு ஒரசுன புண்ணாம்டே. ஊதா மருந்து தந்திருக்காவ."

மறுநாள் சந்தையில் அண்ணாச்சியின் வாயெல்லாம் ஊதா. "என்னவே, வாயில கத்திரிப்பூ ஏலமா?" என்றான் ஒரு வியாபாரி. "ஒம் பெண்டாட்டி கேட்டா, கொடுத்தேன்" என்று சந்தையைச் சிரிக்கவைத்தார். கூவி முடித்ததும் குழாயடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். "நீ பாத்தியா மக்கா?"

"பாத்தேன்."

"வெங்காயம் மாதிரியா?"

"ஆமா. ஓரம் இன்னும் உடையல."

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். "ஊரு பேரு தெரியாத பய சொல்லுதான், அதக் கேக்கியா நீ?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார். அண்ணாச்சி குறுக்கே வரவில்லை. சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்ற தன் மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ போ மக்கா" என்றார்.

அவரை விட்டுவிட்டு வேறு ஊர் பார்த்துப் போயிருக்கலாம். ஆனால் கால்கள் ஆஸ்பத்திரியை நோக்கித்தான் போயின. அவரைக் கூப்பிட்டு நேரில் சொல்லும்படி டாக்டரம்மாவிடம் சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். வழியில் ஒரு கடைவாசலில் படுத்து, விடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். வாசல் படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் தனியாக வந்திருந்தார்.

"மவ போகச் சொன்னா. கல்யாணம் நின்னா நிக்கட்டும்னா."

டாக்டரம்மா வந்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார். "எனக்குச் சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா சொன்னார். கன்னத்தோடு தாடையில் கொஞ்சம் போகும், பேச்சு குழறும் என்பதையும் மறைக்கவில்லை. குரலை வைத்துப் பிழைத்தவர் சொன்னார்: "குழறட்டு. வெட்டுங்க."

கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். நான் இருக்கிறேன் என்றேன். சும்மா தங்க இடமில்லை, வார்டில் நோயாளிகள் எச்சில் துப்பும் கோப்பைகளைக் கழுவ ஆள் வேண்டும் என்றாள் நர்ஸ். இப்போதும் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் மருத்துவருக்குக் கண் காட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாசம் என்கிறார்கள். எனக்கு அது திருட்டாகவே படுகிறது.

அன்று காலையே வாளியைக் கையில் தந்தார்கள். முதல் கட்டிலில் வாயில் துணி வைத்தபடி ஒரு கிழவர். அவர் மகன் டாக்டரம்மாவை வெளியே வரச்சொல்லி ஜாடை காட்டினான். நான் வாளியை வாசலுக்குக் குறுக்கே வைத்துவிட்டு நின்றேன்.

"இங்கயே கேளும்வே. நோவு அவருக்குத்தான்."