இரண்டு மடிக்கணினிகளும் ஒரு இரும்புப் படிக்கட்டும்

எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனபோது, அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்லப்படும் ரகம். செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க முடியும். பெரிய வரைபடத்தைத் திறந்தால் அதன் விசிறி மிக்ஸி மாதிரி இரையும்.

எனக்கு அதன் மேல் பெருமை. வியாசர்பாடியில் நாங்கள் இருக்கும் பிளாக்கில், நான் டிப்ளமோ படித்தவள் என்று தெரிந்தும், "டைப்பிங் வேலையா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து, நான் வரைந்த, நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயரை முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அலுவலகம் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடியில் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து நாலு பேர். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இரும்புப் படிக்கட்டு, நடைமேடை, குழாய் தாங்கிகளை வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. அப்போது அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கன்வேயருக்கு இரண்டு படிக்கட்டுகள் வரைந்துகொண்டிருந்தோம்.

முதல் படிக்கட்டில் பிரச்சினை வந்தது. பட்டறையில் செய்து, லாரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி வைத்தால் மேல்தளம் நாலு அங்குலம் தள்ளி நின்றது. சைட்டிலிருந்து போன் வந்ததும் கணினியில் நான் வரைந்த மாடலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வரைபடத்தில் பிழை இல்லை, பொருத்தியதில்தான் தவறு என்று மெயில் அனுப்பினேன். பழைய வரைபடங்களை வைத்தே அதை வரைந்திருந்தேன், அந்த இடத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இதை அந்த மெயிலில் எழுதவில்லை.

பொருத்தும் வேலையைப் பார்த்த பிட்டரை சைட் ஒப்பந்தக்காரர் தண்டனையாகப் பத்து நாள் பழைய இரும்பு பிரிக்கும் வேலைக்கு அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் மாடலில் சரியாகத்தானே இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில வாரங்களில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு கணினி வாங்கப்போவதாகச் சொன்னார். இன்னும் வேகமான ஒர்க்ஸ்டேஷனா, அல்லது திரையைத் தனியே கழற்றிப் பேனாவால் எழுதுகிற சின்ன ரகமா, நீயே சொல் என்றார். சின்னதைப் பற்றிப் பேசியதும் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியதுதான் வேண்டும் என்று என் பதில் தயாராகத்தான் இருந்தது. பொதுவாக எதையும் ஒரு வாரம் யோசித்துச் சொல்வது வழக்கம் என்பதால் உடனே சொல்லவில்லை.

அந்த வாரம் தோள் வலி தாங்க முடியாமல் மருத்துவரிடம் போனேன். ஒரு மாதம் கனமான பை எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டாவது படிக்கட்டுக்கு அளவெடுக்க நான் சைட்டுக்குப் போயாக வேண்டும். என் தங்கை புளியந்தோப்பில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளிடம் அந்தக் கழற்றுகிற ரகம் ஒன்று இருந்தது. காலாண்டு விடுமுறைதானே, எடுத்துக்கொண்டு போ என்றாள்.

தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். உட்கார இடமில்லை. பையின் கனம் தெரியாமல் நின்றுகொண்டே போனது எனக்கே புதிதாக இருந்தது.

சைட்டில் எனக்குத் துணையாக அனுப்பப்பட்டவர் அதே பிட்டர்தான். என் வயதுதான் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் மீனவர் குப்பத்துக்காரர், சில வருடங்களுக்கு முன் கடலுக்குப் போவதை விட்டு ஒப்பந்த வேலைக்கு வந்தவர். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தார். நான் திரையைக் கழற்றிக் கையில் ஏந்தி, படிக்கட்டு வரவேண்டிய இடத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் மேலேயே பேனாவால் அளவுகளை எழுதினேன். கனமான கணினியைத் தூக்கி வந்திருந்தாலும் வைக்க ஒரு இடம் இருந்திருக்காது. வழக்கமாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய் அலுவலகத்தில்தான் ஏற்றுவோம்.

அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தான் எழுதலாமா என்று கேட்டார். பேனாவைக் கொடுத்தேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படத்தில் ஒரு தகட்டின் மேல் இரண்டு கோடுகள் இழுத்தார்.

"இந்தத் தகட்டுக்குப் பின்னால கேபிள் தட்டு ஒண்ணு ஓடுது மேடம். உங்க டிராயிங்ல அது இல்ல. போன தபா மேல்படி இடிச்சது இதுலதான்."

குனிந்து தகட்டின் இடுக்கில் பார்த்தேன். கரித்தூள் படிந்து, மின்கம்பிகள் அடுக்கிய இரும்புத் தட்டு ஒன்று நீளமாகப் போனது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். டிராயிங்ல காட்டுன்னாங்க. டிராயிங்ல இல்லாதத்த எப்டி காட்றது?"

எனக்கு முகம் சுட்டது. திரையைத் தாழ்த்திப் பிடித்தேன். பிறகு சொன்னேன்: "அந்த மெயில எழுதுனது நாந்தான்ணே. தப்பு என்னோடது."

"தெரியும் மேடம். கீழ உங்க பேரு இருந்துச்சி." அவர் குரலில் கோபம் இல்லை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "அந்தாண்ட இதே மாரி இன்னும் ரெண்டு கீது. வாங்க, அத்தயும் போட்டுக்கலாம்."

மாலைக்குள் பதினோரு படங்களில் அவர் கோடு போட்டிருந்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியாதபோது தன் ஹெல்மெட்டைக் கழற்றி நிழல் பிடித்தார். நான் மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. மொத்த மாடலையும் தங்கையின் கணினியிலேயே திறந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது. பின்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டது. திருவொற்றியூர் தாண்டியும் கன்வேயர் வரவில்லை. அணைத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை என் மேஜையில் இருந்த கனமான கணினியில் அந்தக் கேபிள் தட்டை ஏற்றினேன். விசிறி இரைந்தது. ஒரு நிமிடத்தில் மேல்தளம் தட்டைக் குத்தும் இடம் சிவப்பாகத் தெரிந்தது. முதல் படிக்கட்டின் மாடலிலும் தட்டை ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே சிவப்பு. மதியத்துக்குள் ஐந்து விதமாக மாற்றி வரைந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இந்த வேலை அந்தச் சின்னதால் ஆகாது. தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, எவ்வளவு வேகமாக இரைந்தாலும் இந்தப் பெரியதற்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியிடம் போய், சின்னதையே வாங்குங்கள் என்றேன். எனக்கு வேண்டாம், சைட்டில் அந்தப் பிட்டரிடம் இருக்கட்டும், எனக்குப் பழைய கணினியே போதும் என்று சொன்னேன். முதல் படிக்கட்டின் பிழை என்னுடையது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இதை ஏன் ஒரு மாதம் கழித்துச் சொல்கிறாய் என்று கேட்டார். நேற்றுதான் தெரிந்தது என்றேன். அது முழு உண்மை இல்லை. சந்தேகம் முன்பே இருந்தது, பார்க்கத்தான் மனம் வரவில்லை என்று திருத்திச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் பிட்டர் போட்ட பதினோரு படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தார். ஒப்பந்தக்காரரிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

முதல் மெயில் யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது மெயில் எழுதினேன். மூன்றே வரி. எழுதுவதைவிட அனுப்புவதற்குத்தான் நேரம் பிடித்தது.

தடித்த ரப்பர் உறை போட்ட ஒரு கழற்றும் கணினி அடுத்த மாதம் சைட்டுக்குப் போனது. அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கையுறையோடு தொட்டால் திரை கேட்காது. விசைப்பலகை மாட்டும் இடத்தில் கரித்தூள் புகுந்து இரண்டே வாரத்தில் ஆட்டம் கண்டது. பிட்டர் விசைப்பலகையைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, திரையையும் பேனாவையும் மட்டும் வைத்து வேலை பார்த்தார். படத்தில் குறிப்புகளைத் தமிழில் எழுதி அனுப்புவார். 'இங்க கை போகாது. ஸ்பானர் திரும்பாது.' நான் அவற்றை இங்கிலீஷில் மாற்றாமல் அப்படியே வரைபடத்தில் ஏற்றினேன். பட்டறையில் இருப்பவர்கள் முதல்முறையாகக் குறிப்புகளை முழுக்கப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். அளவெடுக்கும் பொறுப்பு முழுவதையும் ஒப்பந்தக்காரர் அவரிடமே விட்டார்.

இரண்டாவது படிக்கட்டைத் தூக்கி வைத்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. மதியம் மூன்று மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"உக்காந்துச்சி மேடம். ஒரு ஓட்டையகூட பெருசு பண்ணல. போல்ட்டு எல்லாம் கையாலயே ஏறிச்சி."

முதலாளியிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார்.

அடுத்த வாரம் நானே போய் அந்தப் படிக்கட்டில் ஏறினேன். மேல்தளத்தில் நின்றபோது கடல் காற்று அடித்தது. கீழே அடுத்த கன்வேயர் பக்கத்தில் பிட்டர் திரையோடு நின்றுகொண்டு, வாங்க என்று கை காட்டினார். அங்கே எதையோ கண்டுபிடித்திருந்தார். இறங்கிப் போனேன்.