ஹாட்டியின் ஜலதோஷம்

ஸ்க்ரான்டன் டெலிபோன் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் இணைப்புக் கொடுத்த ஹாட்டி சோப்சாக், அதற்கு முன்னால் நியூயார்க்கில் அடுத்தவருக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பாட்டு எழுதியவர்கள் இவளைப் பாடவைத்து, மாதிரி இசைத்தட்டு ஒன்று போட்டுப் பெரிய பாடகிகளுக்கு அனுப்புவார்கள். பிடித்தால் அவர்கள் தங்கள் குரலில் பாடுவார்கள், பிடிக்காவிட்டால் தட்டு குப்பைக்குப் போகும். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. தன் பேர் போட்ட இசைத்தட்டு ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. "பாடப் போறேன்னு போனியே, என்னத்தக் கிழிச்ச?" என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிற அம்மா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து பிப்ரவரியில் கடும் ஜலதோஷத்தோடு ஒரு மாதிரித் தட்டு பாடினாள். மூன்றாவது வரியில் மூச்சு அடைத்து, குரல் ஒரு கணம் இடறியது. மறுபடி பாடுகிறேன் என்றாள். நேரமாகிவிட்டது, விடு என்றார்கள்.

அந்தத் தட்டைக் கேட்ட பிரபல பாடகி லூசில் டார்ன்லி, அடைப்பையும் சேர்த்து அப்படியே பாடிவைத்தார். நாடே சொக்கிப்போனது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'டார்ன்லி விம்மல்' என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் விம்மினார்கள். ஹாட்டிக்கு வயிறும் எரிந்தது, சிரிப்பும் வந்தது.

டார்ன்லியின் அடுத்த மூன்று பாட்டும் படுத்துவிட்டன. அவருடைய இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து மார்வின் க்ளீப் ஹாட்டியைத் தேடி வந்தார்.

"தாயே, அந்த விம்மல் இன்னொண்ணு வேணும்."

"அது விம்மல் இல்ல சார், சளி."

"சளியே புடிச்சுக்கோயேன்."

"புடிச்சுக்கறேன். அவங்களுக்கு ஒரு பாட்டு, எனக்கு ஒரு பாட்டு. என் தட்டுல என் பேரு இருக்கணும்."

க்ளீப் தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டார். ஹாட்டி மூன்று நாள் ஈரத்தலையோடு பனியில் நடந்தாள். நான்காம் நாள் மூக்கு நன்றாக அடைத்தது. போய் இரண்டையும் பாடினாள்.

அவள் தட்டு கடைக்கு வந்த வாரமே, ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் பாதிப் பாட்டில் நிறுத்தினார். "டார்ன்லிய காப்பியடிக்க இன்னொரு பொண்ணு கெளம்பிடுச்சு" என்றார். அதோடு சரி. அப்புறம் யாரும் அதைப் போடவில்லை.

ஹாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டுத் தட்டைத் தானே சுழலவிட்டாள். கடைசிவரை கேட்டாள்.

"எல்லாரும் காப்பிங்கறாங்கம்மா" என்றாள் ஹாட்டி. சொல்லும்போதே அவமானமாக இருந்தது.

"எவன் சொன்னான்? போன வருஷம் அந்தப் பொம்பள ரேடியோல பாடறப்பவே உங்கப்பாகிட்ட சொன்னேன், இது நம்ம ஹாட்டியோட சளின்னு. நாலு வயசுலேர்ந்து உனக்கு அப்படித்தாண்டி அடைக்கும். கழுத்துல துணியச் சுத்திக்கோன்னா கேட்டாத்தானே."